‘மாசம் 2,900 தான் சார்’: கடைக் கடனும் நம் அவசரமும்

போன தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, தங்கையின் கணவர், எங்கள் வீட்டு மாப்பிள்ளை, மிக்ஸி வாங்கக் கிளம்பினார். துணைக்கு நானும் போனேன். பழைய மிக்ஸியின் ஜார் அடியில் கசிந்துகொண்டிருந்தது. போனஸ் வந்ததும் புதுசு என்று அவர் தங்கையிடம் சொல்லி நான்கு மாதம் ஆகியிருந்தது. பட்ஜெட் 4,000 ரூபாய்.

ஒன்றரை மணி நேரம் கழித்து நாங்கள் வெளியே வந்தபோது, வாசலில் நின்ற குட்டி யானையில் 55 அங்குல டிவி ஒன்றை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மிக்ஸி வாங்கவில்லை. அதற்கு வைத்திருந்த காசும் டிவியின் முன்பணத்தோடு போய்விட்டது.

மாப்பிள்ளை ஏமாளி இல்லை. ஒரு லேத் பட்டறையில் வரவு செலவு முழுக்க அவர் கையில்தான். கீரைக்கட்டுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி நின்று பேசுகிற மனிதர். அன்றைக்கு அந்தக் கடையில் அவர் ஒருவர் மட்டும் இப்படி நடந்துகொள்ளவுமில்லை. லோன் டெஸ்க் முன்னால் டோக்கன் போட்டுக் கூட்டத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். தன் டோக்கனை ஏன் இன்னும் கூப்பிடவில்லை என்று ஒரு பெரியவர் சத்தம் போட்டார். கடன் வாங்கத்தான் அந்தச் சண்டை என்பது எனக்கே வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

நிதானமான மனிதர்களைக் கடைக் கடன் ஏன் இப்படி ஓட வைக்கிறது? அதைப் புரிந்துகொள்ள அந்த டெஸ்க்கில் நடந்த கணக்கிலிருந்து தொடங்கலாம்.

வட்டியில்லாக் கடனில் வட்டி எங்கே

டிவியின் விலை 43,500. மாதம் 2,900 வீதம் 15 தவணை. பெருக்கிப் பார்த்தால் அதே 43,500 வருகிறது. ‘வட்டியே கிடையாது சார், நீங்களே கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க’ என்றார் டெஸ்க்கில் இருந்த பையன். போட்டுப் பார்த்தோம், சரியாகத்தான் இருந்தது.

இதற்கு 15/3 ஸ்கீம் என்று பெயர். 15 தவணையில் 3 தவணையை அன்றே கட்ட வேண்டும், அதாவது 8,700 ரூபாய். மீதி 12 மாதம். தவிர ஃபைல் சார்ஜ் 500, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 590.

நான் சும்மா ஒரு கேள்வி கேட்டு வைத்தேன். ‘தம்பி, மொத்தமா கேஷ் கட்டினா எவ்வளவு?’ அவர் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர், ‘ஃபுல் கேஷ்னா 41,000க்கு முடிச்சுக்கலாம் சார்’ என்றார்.

கணக்கு முழுவதும் அந்த இரண்டு விலைகளுக்கு நடுவே இருக்கும் 2,500 ரூபாயில்தான் இருக்கிறது.

தவணையில் வாங்கும்போது கடைக்குப் பணம் தருவது நாம் இல்லை, ஒரு நிதி நிறுவனம். அது பில் தொகை முழுவதையும் தருவதில்லை. ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். அந்தப் பிடித்தத்தை ஒரு சமயம் கடை ஏற்கும், ஒரு சமயம் டிவி கம்பெனி ஏற்கும், பல சமயம் இருவரும் பகிர்ந்துகொள்வார்கள். கடைக்காரர்கள் தங்கள் பங்கை ‘டீலர் பை டவுன்’ என்பார்கள், சுருக்கமாக டிபிடி. ஆக, நிதி நிறுவனம் தன் வட்டியை முன்னாலேயே எடுத்துக்கொண்டுவிட்டது. ரொக்கமாகக் கட்டுகிறவருக்கு அந்தப் பிடித்தம் தேவையில்லை என்பதால் கடை விலையைக் குறைக்க முடிகிறது. பையன் பொய் சொல்லவில்லை. வட்டியை நம் பையிலிருந்து எடுக்காமல், நமக்கு வரவேண்டிய தள்ளுபடியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

உண்மை விலை 41,000 என்று வைத்துக்கொண்டால் அன்றே 8,700 கட்டியாயிற்று, ஃபைல் சார்ஜ் 590 கட்டியாயிற்று. கையில் கிடைத்த கடன் 31,710 ரூபாய்தான். அதற்கு 12 மாதத்தில் திருப்பித் தருவது 34,800. ஆண்டு வட்டியாகப் போட்டால் பதினேழரை சதவீதம் வருகிறது. எத்தனையோ பேருக்கு வங்கியில் தனிநபர் கடனே இதைவிடக் குறைந்த வட்டிக்குக் கிடைக்கும்.

3,090 ரூபாய் கூடக் கொடுத்திருக்கிறோம், அதற்கு எப்படிப் பதினேழரை என்று சிலருக்குத் தோன்றலாம். 31,710 ரூபாயும் ஆண்டு முழுக்க நம் கையில் இல்லை. முதல் மாதத் தவணையிலேயே அசல் கரையத் தொடங்கிவிடுகிறது. சராசரியாகப் பார்த்தால் பாதித் தொகையை விடக் கொஞ்சம் அதிகம்தான் நம்மிடம் இருந்தது, அதற்குத்தான் இந்த 3,090. ‘பிளாட் ரேட் 12 சதவீதம்’ என்று பைக் கடனில் சொல்லும்போது நடப்பதும் இதே வித்தைதான். அசல் கரைந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டி போடுவதுதான் பிளாட். 12,000 ரூபாய்க்கு ஓராண்டு பிளாட் 12 என்றால் மாதம் 1,120. கரையும் அசலுக்கு வட்டி போட்டுப் பார்த்தால் உண்மையில் அது 21 சதவீதத்தைத் தாண்டுகிறது.

இந்த ‘பூஜ்ய வட்டி’ வியாபாரத்தை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர் 17 அன்று ஒரு சுற்றறிக்கையில் பிடித்துக்கொண்டது. பூஜ்ய சதவீத வட்டி என்பதே இல்லாத ஒன்று, வட்டியை ஃபைல் சார்ஜுக்குள் மறைக்கிறார்கள், பொருளின் விலையில் கிடைக்கும் தள்ளுபடி வாடிக்கையாளருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது அதன் சாரம். வங்கிகள் அந்தப் பெயரில் விற்பதை நிறுத்தின. கொஞ்ச காலத்தில் ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ வந்தது. ஆன்லைன் கடைகளில் இன்று பார்க்கும் வடிவத்தில், வங்கி போடும் வட்டிக்குச் சமமான தொகையை விலையில் முன்கூட்டியே கழித்துக் காட்டுவார்கள். ஆனால் அந்த வட்டிக்குரிய 18 சதவீத ஜிஎஸ்டி நம் கார்டு பில்லில்தான் வந்து நிற்கும். முதல் மாத பில்லைப் பார்த்துவிட்டு, ‘நோ காஸ்ட்னு சொன்னாங்களே, இது என்ன 40 ரூபாய்?’ என்று கஸ்டமர் கேருக்குப் போன் போட்டவர்கள் நம்மில் நிறையப் பேர்.

இதுவரை சொன்னது கணக்கு. ஆனால் மாப்பிள்ளைக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தாலும் டிவி வாங்கியிருப்பார் என்றே நினைக்கிறேன். அவரை ஓட வைத்தது 2,500 ரூபாய் விஷயமே இல்லை.

ஃபோர்டு கற்ற பாடம்

அமெரிக்காவில் கார் விற்பனை சூடுபிடித்த காலம். ஜெனரல் மோட்டார்ஸ் 1919ல் கடன் கொடுப்பதற்கென்றே தனி நிறுவனம் தொடங்கியது. கொஞ்சம் முன்பணம் கட்டிவிட்டுக் காரை ஓட்டிப் போகலாம், மீதி தவணையில். ஹென்றி ஃபோர்டுக்கு இது பிடிக்கவில்லை. கடன் வாங்கிச் செலவழிப்பது அவர் பார்வையில் கெட்ட பழக்கம். ஆனால் போட்டியில் பின்தங்கவும் முடியாது. அதனால் 1923ல் வேறொரு திட்டம் கொண்டுவந்தார். வாரம் 5 டாலர் கட்டி வாருங்கள், காரின் விலை சேர்ந்ததும் காரை எடுத்துப் போங்கள்.

இரண்டிலும் தவணை உண்டு. ஃபோர்டின் திட்டத்தில் வட்டிச் சுமையும் இல்லை, வாங்குகிறவருக்கு அதுதான் லாபம். ஆனாலும் திட்டம் எடுபடவில்லை. 1928ல் ஃபோர்டும் கடன் நிறுவனம் தொடங்க வேண்டியதாயிற்று.

கடைக் கடனில் நாம் விலை கொடுத்து வாங்குவது என்ன என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டுவதில்லை. பொருளைச் சிறு சிறு தொகையாகக் கட்டும் வசதி ஃபோர்டிடமும் இருந்தது. அவரிடம் இல்லாதது ‘இப்போதே’ என்பது. ஆசைக்கும் பொருளுக்கும் நடுவே இருக்கும் காத்திருப்பை நீக்குவதற்குத்தான் மக்கள் காசு கொடுத்தார்கள், இன்றும் கொடுக்கிறார்கள்.

நம் ஊரில் ஃபோர்டின் திட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பது வேடிக்கை. நகைக் கடையின் 11 மாதச் சீட்டு அதுதான். தெருவில் பெண்கள் சேர்ந்து நடத்தும் தீபாவளிச் சீட்டும் அதுதான். முதலில் பணம், பிறகு பொருள். அந்த 11 மாதத்தில் மனசு மாறலாம், மாமியாருக்கு ஆபரேஷன் வரலாம், டிசைன் பிடிக்காமல் போகலாம். அந்த இடைவெளிதான் யோசிக்க நேரம் தருகிறது. சைக்கிளில் புடவை மூட்டை கட்டி வந்த தவணைக்காரர்கள் பொருளை முதலில் கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் அங்கே வேறொரு தடை இருந்தது. வாராவாரம் அவர் வாசலில் வந்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அந்தக் கூச்சத்துக்குப் பயந்தே இரண்டாவது புடவையைத் தொடாதவர்கள் உண்டு.

லோன் டெஸ்க்கில் இரண்டும் கிடையாது. பான் கார்டு, ஆதார் ஓடிபி, ஒரு செல்ஃபி, வங்கிக் கணக்கில் தானாகப் பிடித்துக்கொள்ளச் சம்மதம். எங்களுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தவணை நாளன்று யாரும் வந்து கூப்பிடப் போவதில்லை. 5ஆம் தேதி காலையில் ஒரு எஸ்எம்எஸ் வரும், அவ்வளவுதான்.

கை அறியாமல் போகும் பணம்

பணம் போவது கைக்குத் தெரிய வேண்டும் என்று பெரியவர்கள் நோட்டை எண்ணிக் கொடுப்பார்கள். அதில் விஷயம் இருக்கிறது. எம்ஐடி நிர்வாகவியல் பள்ளியில் டிரேசன் பிரெலெக், டன்கன் சிமெஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் மாணவர்களிடம் பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்து ஆட்டத்தின் டிக்கெட்டுகளை ஏலம் விட்டார்கள். டிக்கெட் கிடைப்பது அரிது. பாதிப் பேரிடம் ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும் என்றார்கள், மீதிப் பேரிடம் கிரெடிட் கார்டு. அதே டிக்கெட், அதே மாதிரி மாணவர்கள். கார்டுக்காரர்கள் கேட்ட சராசரி விலை, ரொக்கக்காரர்கள் கேட்டதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆய்வு 2001ல் வெளியானது.

கார்டு வைத்திருப்பவர் பணக்காரர் ஆகிவிடவில்லை. பணம் போகும் வலி தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். தவணை அதை இன்னும் ஒரு படி முன்னே கொண்டுபோகிறது. வலியைத் தள்ளிப்போடுவதோடு நறுக்கியும் வைக்கிறது. 43,500 என்ற எண் மாப்பிள்ளையின் மனதில் பதியவே இல்லை. விலைச் சீட்டிலும் அதைப் பொடி எழுத்தில்தான் போட்டிருந்தார்கள், 2,900 தான் பெரிசு. ஒரு மனிதர் 2,900 ரூபாயை எதோடு ஒப்பிடுவார்? கேபிள், போன் ரீசார்ஜ், பெட்ரோல் என்று மாதச் செலவுகளோடு. 43,500 ரூபாயை எதோடு ஒப்பிடுவார்? பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தோடு. எந்த எண்ணைக் காட்டுகிறார்கள் என்பதே பாதி வியாபாரத்தை முடித்துவிடுகிறது.

இன்னொன்றும் அங்கே நடந்தது. நுட்பமானது, எனக்கு இதுதான் மிகவும் உறுத்தியது. பையன் டேப்லெட்டை எங்கள் பக்கம் திருப்பி, ‘சூப்பர் சார், உங்களுக்கு 1,20,000 லிமிட் வந்திருக்கு. சில பேருக்கு 30,000 தான் வரும்’ என்றார். மாப்பிள்ளையின் முகத்தில் ஒரு வெளிச்சம். பட்டறையில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கும் மனிதரிடம் யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். நிதி நிறுவனத்துக்கு அது, இவரிடமிருந்து எவ்வளவு வசூலிக்கலாம் என்ற மதிப்பீடு. அவர் காதில் அது பாராட்டாக விழுந்தது. அதுவரை பட்ஜெட் 4,000 ஆக இருந்தது, அந்த நொடியில் அது 1,20,000 ஆகிவிட்டது. அந்த எண்ணுக்கு எதிரே 43,500 ரூபாய் டிவி சிக்கனமாகக்கூடத் தெரிந்தது!

இதோடு பண்டிகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘ஆஃபர் இன்னைக்கு ராத்திரியோட க்ளோஸ்’ என்ற அறிவிப்பு, டோக்கன், பக்கத்தில் நிற்கிறவர் ஃபிரிட்ஜும் சேர்த்து எடுக்கிறார் என்ற செய்தி. எல்லோரும் ஓடும்போது நடப்பவனுக்கு எதையோ இழக்கிறோம் என்று தோன்றத்தான் செய்யும். ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தின நாள் நடந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒரே வித்தியாசம், அங்கே பர்ஸ் காலியானதும் கால் வீட்டுப் பக்கம் திரும்பிவிடும்.

ஒரு நாடே ஓடியபோது

தனி மனிதரின் சபலம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது என்பதற்குத் தென் கொரியா சாட்சி. 1997 நிதி நெருக்கடியில் அந்த நாடு நிலைகுலைந்தது. மக்கள் செலவழித்தால்தான் பொருளாதாரம் எழும் என்று அரசு கணக்குப் போட்டது. 1999ல் கார்டில் எடுக்கும் ரொக்கக் கடனுக்கு இருந்த உச்சவரம்பை நீக்கியது. கார்டில் செலவழித்தால் வருமான வரியில் கழிவு கொடுத்தது. 2000ல் இருந்து கார்டு ரசீதுகளை வைத்து மாதாமாதம் குலுக்கல் நடத்திப் பரிசும் கொடுத்தது. கடைகள் ரசீது போட்டு வரி கட்டும் என்ற நல்ல நோக்கமும் அதில் இருந்தது.

கார்டு நிறுவனங்கள் தெருமுனையில் மேசை போட்டன. பரிசுப் பொருள் கொடுத்துக் கார்டு கொடுத்தார்கள். சொந்த வருமானம் இல்லாத இளைஞர்களுக்கும் கிடைத்தது. 1999ல் 4 கோடிக்குச் சற்றுக் கீழே இருந்த கார்டுகள் 2002ல் 10 கோடியைத் தாண்டின. அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகையே 5 கோடிக்குள்தான். கார்டில் நடந்த வரவு செலவில் பாதிக்கும் மேல் பொருள் வாங்கியது அல்ல, ரொக்கக் கடன். ஒரு கார்டின் பாக்கியை இன்னொரு கார்டில் பணம் எடுத்து அடைப்பதைக் குறிக்கக் கொரிய மொழியில் தனிச் சொல்லே புழங்கியது. ‘ரொட்டேஷன் விடறேன்’ என்று நம் ஊரில் ஒருவர் சொன்னால் என்ன பொருளோ அதேதான்.

2002ல் அரசு விழித்துக்கொண்டு கட்டுப்பாடு போட்டதும் சுழற்சி நின்றது. 2003 நவம்பரில் நாட்டின் மிகப்பெரிய கார்டு நிறுவனமான எல்ஜி கார்டிடமே கையிருப்பு தீர்ந்துபோய், வங்கிகள் கைகொடுத்துக் காப்பாற்ற வேண்டி வந்தது. அந்த ஆண்டு முடிவில் கடன் தவறியவர் பட்டியலில் இருந்தவர்கள் 37 லட்சம் பேர்.

வாங்கினவர்களுக்குப் பித்துப் பிடித்தது என்று எல்லோரும் எழுதினார்கள். கொடுத்தவர்களுக்குப் பிடித்த பித்து அதற்கு மூத்தது என்பது என் எண்ணம். இன்னும் முன்னால், 1958 செப்டம்பரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் யாரும் கேட்காமலேயே சுமார் 60,000 பேருக்குத் தபாலில் கடன் அட்டை அனுப்பியது. மற்ற வங்கிகளும் அதே வழியில் போய், கார்டுகள் திருடு போவதும் சிறுவர் பெயருக்கெல்லாம் கார்டு வருவதும் பெருகின. 1970ல்தான் கேட்காதவருக்குக் கார்டு அனுப்புவதை அமெரிக்கா சட்டம் போட்டு நிறுத்தியது.

இந்தியாவில் 2024 தொடக்கத்தில் கிரெடிட் கார்டுகள் 10 கோடியைத் தொட்டன. நம் மக்கள்தொகைக்கு அது கொரியா மாதிரி இல்லை. ஆனால் நம்மிடம் கார்டே இல்லாமல் கடன் தரும் டெஸ்க்குகளும் ஆப்களும் நிறைய. ரிசர்வ் வங்கி கவலைப்படாமல் இல்லை. ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ ஆப்கள் வாலட்டில் கடன் பணத்தை ஏற்றுவதை 2022 ஜூனில் நிறுத்தியது. 2023 நவம்பரில் அடமானமில்லாத நுகர்வோர் கடனுக்கு வங்கிகள் ஒதுக்க வேண்டிய மூலதனத்தைக் கூட்டியது. அதே மாதம், கடன் விவரங்களைச் சொல்லும் முக்கியத் தகவல் அறிக்கையைச் சரியாகக் கொடுக்கவில்லை என்று பஜாஜ் ஃபைனான்ஸின் இரண்டு கடன் திட்டங்களில் புதுக் கடனை நிறுத்தச் சொல்லி, 2024 மே மாதம்தான் தடையை நீக்கியது. 2024 அக்டோபர் 1 முதல் எல்லா சில்லறைத் தவணைக் கடனுக்கும் அந்த அறிக்கை கட்டாயம். நாம் எல்லாக் கட்டணமும் சேர்த்துக் கொடுக்கும் ஆண்டு விகிதம் அதில் ஒரே எண்ணாக இருக்கும். டெஸ்க்கில் கையெழுத்துக்கு முன் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். ஆனால் ஒன்று. கேட்காமல் விட்ட ரொக்கத் தள்ளுபடி அந்தத் தாளில் வராது. அதை நாம்தான் வாயைத் திறந்து கேட்க வேண்டும்.

எதற்குக் கடன், எதற்கு வேண்டாம்

தவணையே தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் அம்மா தையல் மெஷின் தவணையில்தான் வாங்கினார், அந்தத் தவணையை அந்த மெஷினே கட்டியது. துணி துவைக்கும் மெஷினுக்காக ஒரு பெண்ணை இரண்டு வருஷம் சேமிக்கச் சொல்வது, அதுவரை கையால் துவை என்று சொல்வதுதான்.

மேலே சொன்ன பிரெலெக், ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்பவரோடு சேர்ந்து 1998ல் இன்னொரு ஆய்வு வெளியிட்டார். துணி துவைக்கும் மெஷின், விடுமுறைப் பயணம் இரண்டுக்கும் ஒரே விலை. முன்கூட்டியே மாதாமாதம் கட்டுவீர்களா, வாங்கிய பிறகு மாதாமாதம் கட்டுவீர்களா என்று மக்களைக் கேட்டார்கள். மெஷினுக்குப் பெரும்பாலோர் பிறகு என்றார்கள். பயணத்துக்கு முன்பே கட்டிவிடுவோம் என்றவர்கள்தான் அதிகம். மெஷின் தினமும் துவைத்துத் தருகிறது, அதற்குத் தவணை கட்டுவது உறுத்துவதில்லை. கோவா போய் வந்த கடற்கரை மணல் செருப்பிலிருந்து உதிர்ந்த பிறகும் ஆறு மாதம் கட்டுவது வேறு கதை. கடைகள் இப்போது பயணம், பட்டுப்புடவை, கல்யாணச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் இஎம்ஐ தருகின்றன. மனசு இயல்பாகவே முன்பணம் கட்ட விரும்பும் இடத்திலெல்லாம் கடனை நுழைத்திருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்து உதவும் வழி, அவர்கள் எடுத்துக்கொண்ட காத்திருப்பை நாமே கொஞ்சம் திரும்பப் போட்டுக்கொள்வதுதான். கடைக்குள் போகும் முன்பே பொருளின் பெயரையும் மொத்த விலையையும் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது, ரொக்க விலையை முதலில் கேட்பது, தவணைச் சீட்டை வீட்டுக்கு எடுத்து வந்து ஒரு ராத்திரி வைத்திருப்பது. ‘நாளைக்கு இந்த விலை இருக்காது’ என்பார்கள். பொங்கலுக்கு, ஆடிக்கு, குடியரசு தினத்துக்கு என்று வருஷத்தில் எத்தனை ‘கடைசி நாள்’ வருகிறது என்று எண்ணிப் பார்த்தால் அந்தப் பயம் தெளிந்துவிடும். வாங்கியே ஆக வேண்டும் என்றால், 5ஆம் தேதி கணக்கில் பணம் இருக்கிறதா என்பதில் கண் இருக்கட்டும். ஒரு தவணை திரும்பினால் வங்கி ஒரு பக்கம், நிதி நிறுவனம் ஒரு பக்கம் என்று இருவருமே அபராதம் போடுவார்கள், நம் கடன் வரலாற்றுக்கான மதிப்பெண்ணான சிபில் ஸ்கோரிலும் அது பதிவாகும்.

கடைசித் தவணை முடிந்ததும் நோ டியூ சான்று கேட்டு வாங்குங்கள், தானாகப் பிடிக்கும் சம்மதம் ரத்தாகிவிட்டதா என்று வங்கியில் பாருங்கள். கடன் வரலாற்று அறிக்கையை, அதைத் தொகுக்கும் சிபில் போன்ற ஒவ்வொரு நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு முறை இலவசமாகத் தர வேண்டும். அதில் கணக்கு ‘முடிந்தது’ என்று இருக்க வேண்டும்.

தவணை கட்டுவதை மாப்பிள்ளை ஒழுங்காகச் செய்தார். ஒரு தவணைகூடத் தவறவில்லை. டிவிக் கடனில் நிதி நிறுவனத்துக்குக் கிடைக்கும் லாபம் சொற்பம் என்பதும், இப்படிச் சரியாகக் கட்டுகிற ஆளைக் கண்டுபிடிக்கத்தான் அந்தக் கடனைக் கொடுக்கிறார்கள் என்பதும் எனக்குப் பின்னால்தான் விளங்கியது. டிவி கடன் வடிகட்டி. பெரிய வட்டி அதற்குப் பின்னால் வரும் ரொக்கக் கடனில் இருக்கிறது. பதினோராவது தவணை போன அடுத்த வாரம் அவருக்கு ஒரு போன் வந்தது. பேசிய பெண் மிக மரியாதையாகப் பேசினாராம். ‘சார், உங்க ரீபேமெண்ட் ரொம்ப நல்லா இருக்கு. உங்களுக்கு 2 லட்சம் பர்சனல் லோன் ப்ரீ-அப்ரூவ் ஆகியிருக்கு, எந்த டாக்குமெண்டும் வேண்டாம். இன்னைக்கு ராத்திரி வரைக்கும் ஃபைல் சார்ஜ்ல பாதி தள்ளுபடி.’

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். அன்று சாயங்காலம் என்னிடம் இதைச் சொன்னபோது, சமையலறையில் தங்கை அதே பழைய ஜாருக்கு அடியில் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள்.